தோணியின் முன்பலகை

தம்பி,

நேற்றுத்தான் போனில் பேசினோம், நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரியும். அதனால் நலம் விசாரிக்கிற நாலு வரியை விட்டுவிட்டு எழுத வந்த விஷயத்துக்கே வருகிறேன். இதைப் போனில் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்டது. கடிதம் என்றால் நீ நடுவில் சரி சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடம் முடிந்து போனாலும் என் கையெழுத்தை அன்றைக்கும் யாரும் குறை சொன்னதில்லை, இன்றைக்கும் சொல்ல விடமாட்டேன். நிதானமாக உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய படத்தை இங்கே என்னோடு இருக்கிற உன் மகள்தான் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். உன் மீன்பிடித் தோணியை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி ஒரு தாளில் வரைந்திருந்தாய். மூக்கில் நீ வாங்கப்போகிற மோட்டர், அதற்குப் பின்னால் இரண்டு சதுரம், நடுவில் நீ, பின்னால் மீன் பெட்டியும் வலையும். கோடெல்லாம் நேராக இருந்தது, பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. ராணி உட்காருகிற முன்பலகை எங்கே என்று தேடினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் தேடினேன். அந்த இடத்தில்தான் இரண்டு சதுரமும் இருந்தன. உன் மகளைக் கேட்டேன், அது பெட்டரி என்றாள். அன்று பின்னேரமே உன்னிடம் போனில் கேட்டதற்கு நீ சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "அவளுக்குத் தோள் வலிம்மா. ரெண்டு வருஷமா துடுப்பு போட்டுக் களைச்சுட்டா. இனி வீட்டுல நிம்மதியா இருக்கட்டும். அவ வேலைய மோட்டர் பாத்துக்கும்." மனைவியின் தோள் வலியை நினைத்துப் பார்க்கிற பிள்ளையைப் பெற்றிருக்கிறேன் என்று சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். சந்தோஷமும் பட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மோட்டர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வேண்டும். பின்னால் பூட்டாமல் மூக்கில் பூட்டப் போகிறாய் என்பதும் சரி. பின்னாலிருந்து தள்ளினால் காற்று அடிக்கிறபோது தோணியின் மூக்கு தன் இஷ்டத்துக்குத் திரும்பும், அதை நேராக்கவே பாதி நேரம் போய்விடும். முன்னாலிருந்து இழுத்தால் மூக்கு எங்கே போகிறதோ உடம்பு பின்னாலேயே வரும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பதினொரு வருஷம் உன் அப்பாவின் தோணியில் அந்த மூக்கில் உட்கார்ந்து இழுத்தவள் நான். "அம்மா ஒரு காலத்துல அப்பாவோட தோணியில போவாங்க" என்று நீ ராணியிடம் சிரித்துக்கொண்டு சொன்னதை ஒரு நாள் கேட்டேன். ஏதோ இரண்டு தடவை ஆசைக்கு ஏறிப் போன மாதிரி சொன்னாய். உன்மேல் குற்றமில்லை. உனக்கு நான் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன். மிச்சத்தை ஏன் சொல்லவில்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

கல்யாணமாகி வந்தபோது எனக்குத் தண்ணீர் என்றால் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பீலிக் குழாயில் விழுகிற தண்ணீரும் இரத்தோட்டை ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீரும்தான். உன் அப்பா தோட்டத்து வேலையை விட்டுவிட்டு நாவுலைப் பக்கம் வந்து, குளத்துக்கரையில் பண்டா ஐயாவிடம் மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். பண்டா ஐயாவுக்கு வயதாகி, தன் தோணியை அப்பாவுக்கே கொடுத்தார். பக்கவாட்டில் ஒரு கட்டை பிணைத்த பழைய மரத்தோணி. வலையைத் தூக்க ஒருவர், தோணியைப் பிடிக்க ஒருவர் என்று இரண்டு ஆள் வேண்டும். கூட வர ஆள் கிடைக்கவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் அடுப்படிக்கு வந்து நின்றார். "மலையில கூடையோட ஏறி இறங்குனவ நீ. ஒரு பலகையில உக்கார மாட்டியா?" என்றார். அவர் பேச்சே அப்படித்தான், வா என்று நேராகச் சொல்ல வராது. நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

முதல் நாள் நான் ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டு, தோணி நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். குளத்தை உரலாக்கி மாவிடிக்கிறாள் என்று பண்டா ஐயா சிங்களத்தில் சொன்னது எனக்கும் விளங்கியது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அடுத்த நாள் அவர்கள் வருவதற்கு முன்னாலேயே போய், கரையோரமாக ஒரு மணி நேரம் தனியாகப் பழகினேன். பத்தாவது நாள் அந்தக் கரையில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, மற்றத் தோணிக்காரர்கள் காற்று நாளில் உன் அப்பாவின் பேரைச் சொல்லி, அவர் பெண்சாதி எந்தப் பக்கம் போகிறாளோ அந்தப் பக்கம் போவோம் என்று பேசிக்கொண்டதாக உன் அப்பா வந்து சொன்னார். சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

குளத்தில் நாங்கள் வாய் திறந்து பேசுவதில்லை. சத்தம் கேட்டால் மீன் விலகிப் போகும் என்பது ஒன்று. உன் அப்பாவுக்குப் பேச்சு வராது என்பது இன்னொன்று. அவர் நடுப்பலகையில் குனிந்து வலையைத் தூக்குவார். தோணியின் விளிம்பில் மடக்கின விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் இழு. உள்ளங்கையால் இடப் பக்கம் தேய்த்தால் இடம், வலப் பக்கம் தேய்த்தால் வலம். முதுகுக்குப் பின்னால் வருகிற அந்தச் சத்தத்தை வைத்தே அவர் முகம் எப்படியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். வலை கனமாக இருந்தால் தட்டு மெதுவாக வரும், அவசரமே இருக்காது. வெறும் வலை என்றால் வெடுக்கென்று வரும். பனி விலகுகிறபோது எதிரே மலை ஒவ்வொரு மடிப்பாகத் தெரியும். பெரிய லூலா மீன் ஏதாவது சிக்கினால் அவர் தட்டாமல் சும்மா இருப்பார், நான் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக. திரும்பினால் மீனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி இருப்பார். தம்பி, எனக்கு எத்தனையோ நல்ல நாள் கிடைத்திருக்கிறது. நீ பிறந்த நாள், அக்காவின் கல்யாணம், உன் மகள் பரிசு வாங்கின நாள். ஆனால் சும்மா இருக்கும்போது மனது தானாகப் போய் உட்காருகிற இடம் அந்த முன்பலகைதான்.

அந்த வேலை என்ன என்று நீ சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதைத்தான் நீ மோட்டரிடம் கொடுக்கப் போகிறாய். தோணியை ஓட்டுவது அதில் சின்னப் பங்கு. பெரிய பங்கு, ஓடாமல் பிடித்து வைப்பது. வலை தூக்கும்போது தோணியின் மூக்கு காற்றுக்கு நேராக இருக்க வேண்டும், வலையைவிட்டு விலகவும் கூடாது, வலைமேல் ஏறவும் கூடாது. அரைத் துடுப்பு, கால் துடுப்பு, சும்மா தண்ணீரில் வைத்துப் பிடிப்பது என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இரண்டு மணி நேரம் அப்படிப் பிடித்துவிட்டு வந்தால் தேங்காய் துருவக் கை எழும்பாது. ராணியின் தோள் வலி எனக்கு நன்றாகத் தெரியும். அது பொய் வலி இல்லை.

இனி உன் காதுகுத்துக்கு வருகிறேன். உனக்கு இரண்டு வயது. மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் மொட்டையடித்துவிட்டு, டவுனில் என் அண்ணன் வீட்டில் காது குத்துவதாக ஏற்பாடு. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், அது உனக்கும் தெரியும். அண்ணனுக்கு அப்போது கடையும் பேரும் வந்திருந்த நேரம். பாய் விரித்தாகிவிட்டது, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார், உறவுக்காரர் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். அண்ணன் மட்டும் உட்காரவில்லை. தேர்த் திருவிழாவில் நம் குடும்பத்துக்கு மரியாதை செய்கிறார்கள், அந்தக் குடும்பத்துப் பெண் முழங்காலுக்கு மேலே சேலையைச் சொருகிக்கொண்டு ஆம்பிளைகளுக்கு நடுவில் தோணி இழுக்கிறாளாம், கடைக்கு வருகிறவன் எல்லாம் என்னிடம் கேட்கிறான் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே தோணியில ஏற மாட்டேன்னு சொல்லு. சொன்னாத்தான் பிள்ளய மடியில வாங்குவேன்."

உன் அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் உன்னைப் பார்த்தார். மாமன் மடியில்லாமல் காது குத்தின பிள்ளை என்று உனக்குப் பேர் வந்துவிடுமே என்று பயந்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. அண்ணன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் பட்டுச் சேலையில் நின்று என் கையைப் பார்த்தார்கள். என் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில்தான் "ஏற மாட்டேன்" என்று சொன்னேன். அண்ணன் உட்கார்ந்தார், நீ அழுதாய், எல்லாரும் சாப்பிட்டோம்.

நாவுலைக்குத் திரும்பி வந்த அடுத்த நாள் விடியற்காலை, உன் அப்பா வழக்கம்போல எழுந்து போனார். நான் அடுப்படியில் நின்று மண்சுவரின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். தோணியைத் தண்ணீரில் இறக்கி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரமில்லை, நன்றாக நேரம் எடுத்து நின்றார். பிறகு கரைக்கு ஏறி, ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு போய் என் பலகையில் வைத்தார். முன்னால் பாரம் இல்லாவிட்டால் மூக்கு எழும்பி, காற்று தோணியைத் திருப்பிவிடும். அதற்காக வைத்தார். எனக்குத் தெரியும், வேறு எதற்காகவும் இல்லை. ஆனாலும் அந்தக் கல்லைப் பார்த்த பிறகு எனக்கு உள்ளே ஏதோ ஒன்று சாத்திக்கொண்டது. என் இடத்துக்கு ஒரு கல் போதும் என்றால் அதுவே போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு திமிர் பார்.

அப்பா நெஞ்சு நோவால் மீன்பிடியை விட்டார் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். அது உண்மையில்லை. ஏழெட்டு மாதம் தனியாகப் போனார். கச்சான் காற்று நாள் ஒன்றில், வலையைப் பாதி தூக்கிக்கொண்டிருக்கும்போது தோணி திரும்பத் தொடங்கியது. கல்லுக்குப் பாரம் உண்டு, கை கிடையாது. வலையைக் கையில் பிடித்தபடியே மூக்குக்கு எழுந்து போய்த் துடுப்பை எடுக்கப் பார்த்திருக்கிறார். பக்கத்துக் கட்டை எழும்பி, தோணி கவிழ்ந்தது. வலை காலில் சுற்றிக்கொண்டது. பண்டா ஐயாவின் மகன் பார்த்து வந்து சேருகிறவரைக்கும் கவிழ்ந்த தோணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கிடந்தார். கூட்டி வந்து திண்ணையில் கம்பளி போர்த்தி உட்கார வைத்தோம். பால் போடாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன். நீ அவர் மடியில் ஏறப் பார்த்தாய். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வெயில் வந்ததும் வலையக் காயப்போடு" என்றார். அவ்வளவுதான். அந்த மாதமே தோணி கைமாறியது. நாம் அலுவிகாரைக்கு வந்தோம், அவர் டவுனில் மிளகு, கராம்பு மூட்டை தூக்கப் போனார். நீ வளர்ந்தபோது பார்த்த அப்பா அந்த மூட்டை தூக்குகிற அப்பாதான்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்று உனக்கு விளங்கும். இருந்தாலும் விளங்கச் சொல்லிவிடுகிறேன். தைப்பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தபோது, நீ முன்னால் உன் அத்தானுக்கு மோட்டர் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாய். ராணி பின்னால் பானை கழுவிக்கொண்டிருந்தாள். மோட்டர் வரப்போகிறதாமே என்று சும்மா கேட்டேன். "நல்லதுதானே அத்த, அவருக்கும் லேசு" என்றாள். நான் போய்ப் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன், அவள் அதே பானையைத்தான் கழுவிக்கொண்டிருந்தாள். அது எப்போதோ வெளுத்துப் பளபளவென்று இருந்தது. என்னடி என்றேன். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "விடியக்காலம் எழும்பி நான் என்ன செய்யப் போறேன்னு யோசிக்கிறேன் அத்த." சொல்லிவிட்டு அந்தப் பானையைக் கவிழ்த்து வைத்தாள். அழவில்லை. அவள் என்னிடம் சொன்னதை உன்னிடம் சொல்வது துரோகம் மாதிரித்தான் இருக்கிறது. அவள் கோபித்துக்கொண்டால் என்னைக் கோபிக்கட்டும்.

போன கிழமை நான் டவுனுக்குப் போனேன். நீ மோட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிற அந்தத் தண்ணீர்ப் பம்பு கடைக்குத்தான். முழங்கால் வலியோடு பஸ் ஏறிப் போனேன் என்று அக்கா சொல்லியிருப்பாள், அதற்காக எனக்கு ஏசாதே. கடைக்கார முஸ்லிம் நானா மரியாதையான மனிதர், கதிரை போட்டு உட்கார வைத்தார். நீ கேட்ட பெரிய மோட்டரின் படத்தையும், கடையில் இருந்த சின்னது ஒன்றையும் காட்டினார். "இது அம்பத்தஞ்சு றாத்தல்மா" என்றார் சின்னதைக் காட்டி. அவ்வளவு பாரத்தை மூக்கில் வைத்தால் தோணி குத்திக்கொண்டு போகாதா என்று கேட்டேன். அது பாரமில்லை, இழுக்கிற பலம் என்றார். பேக்கரியில் ஒரு பாண் ஒரு றாத்தல் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. "அப்ப அம்பத்தஞ்சு பாண் இழுக்கும்" என்றேன். அவர் நன்றாகச் சிரித்துவிட்டு, "பாண் மட்டுமில்லம்மா, ஒங்க மகன், மருமக, மீன் பெட்டி எல்லாத்தையும் இழுக்கும்" என்றார். உன் பதினாலடி பைபர் தோணிக்கு அதுவே தாராளம் என்பது அவர் அபிப்பிராயம்.

கேட்டு வந்ததை எனக்கு விளங்கின மட்டும் எழுதுகிறேன். பெரியதுக்கு இரண்டு பெட்டரி, சின்னதுக்கு ஒன்று. ஒரு பெட்டரியே அரை மூட்டை அரிசிப் பாரம். கார் ஸ்டார்ட் பண்ணுகிற பெட்டரியைப் போட்டால் சீக்கிரம் செத்துவிடும், மெதுவாக நெடுநேரம் கொடுக்கிற சாதி வேண்டுமாம். ஒன்று மட்டும் என்றால் அதை நடுப்பலகைக்குக் கீழே வைத்து, மொத்தமான வயரை விளிம்போடு முன்னால் கொண்டுபோகலாம், மூக்கில் இடம் மிஞ்சும். பெரியதில் ஒரு வித்தை இருக்கிறது. ஒரு பொத்தானை அமுக்கினால், வானத்தில் சுற்றுகிற எதையோ கேட்டுக்கொண்டு, தோணியை நின்ற இடத்திலேயே தானாகப் பிடித்து வைக்கும். நான் கஷ்டப்பட்டுச் செய்த அதே வேலை. கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. தனியாகப் போகிறவருக்கு அது நல்லதும்மா என்றார் நானா. "தனியாப் போறது யாரு?" என்று கேட்டேன். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்.

சின்னதில் கால் பெடல் இருக்கிறது. முன்பலகையில் உட்கார்ந்துகொண்டு பாதத்தை முன்னால் சாய்த்தால் ஒரு பக்கம், குதிகாலை அழுத்தினால் மறு பக்கம். கால் விரலால் அமுக்கினால் இழுக்கும், காலை எடுத்தால் அந்த நொடியே நிற்கும். தோளுக்கு வேலையே இல்லை. ராணிக்கு வலிக்கிறது தோள்தானே, கால் இல்லையே. இன்னொன்றை நானா சொல்லவில்லை, நான் அவரிடம் கேட்டேன். வலை தூக்குகிற நேரத்தில் வலை மூக்குப் பக்கம் வந்தால், தண்ணீரில் இருக்கிற மோட்டர் விசிறியில் சுற்றும். சுற்றாமல் இருக்க, வலை கிட்டே வரும்போதெல்லாம் மோட்டரைத் தூக்கி மூக்கில் படுக்க வைக்க வேண்டும். யார் தூக்குவது என்று கேட்டேன். முன்னால் இருக்கிறவங்கதான், கயிற்றைப் பிடித்து இழுத்தால் எழும்பும் என்றார். நீ போட்ட படத்தில் முன்னால் இருக்கிறது பெட்டரி. அப்படியென்றால், வலையைக் கையில் வைத்துக்கொண்டு நீதான் எழுந்து மூக்குக்குப் போக வேண்டும். அந்த நடையை எழுந்து நடந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இதையும் கேள். மோட்டரின் தண்டு எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கு, மூக்கிலிருந்து தண்ணீர் மட்டத்துக்கு அளவு எடுக்க வேண்டுமாம். நான் என் முழங்கையைக் காட்டி இவ்வளவு இருக்கும் என்றேன். அப்படி எடுத்தால் பிழையாகும் என்றார் நானா. வெறும் தோணியில் மூக்கு உயர்ந்து நிற்கும், ஆள் ஏறினால் இறங்கும். அளவு தப்பினால் அலையில் விசிறி வெளியே வந்து வெறும் காற்றைக் கடையும். "யார் யார் போறதுன்னு முடிவு பண்ணி, அவங்க எல்லாரும் ஏறி உக்காந்த பொறகு அளந்துட்டு வரச் சொல்லுங்கம்மா" என்றார். உன் சீட்டில் நீ எழுதிக் கொடுத்திருந்த அளவு, தோணி கரையில் சும்மா கிடந்தபோது எடுத்ததா என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் மோட்டரை அனுப்பக் கொழும்புக்குச் சொல்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறார். நான்தான் நிறுத்தச் சொன்னேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு. தப்பென்று தெரிந்தே செய்தேன்.

ஆகவே என் மனதில் இருப்பது சின்ன மோட்டர், ஒரு பெட்டரி, முன்பலகையில் ராணி. அதை மறைக்கவில்லை. ஆனால் இது என் ஆசை, தம்பி. பழைய தோணி ஒன்றை நினைத்துக்கொண்டு கிழவி சொல்கிற ஆசை. ராணியின் ஆசை என்ன என்று எனக்குத் தெரியாது. ஒரு பானையைக் கழுவினதை வைத்து நான் ஒரு முழுக் கதை கட்டியிருக்கலாம். அவளுக்கு உண்மையிலேயே அலுத்திருக்கலாம், கொஞ்ச நாள் விடிந்த பிறகும் தூங்க ஆசைப்படலாம். நீயும் அவள் களைத்துவிட்டாள் என்று நினைக்கிறாய், நானும் அவள் ஏங்குகிறாள் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் அவளைக் கேட்கவில்லை.

வருகிற சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு மாத்தளைக்கு வா. கடைக்குள் அவளை முதலில் போக விடு. அந்தப் பெடலில் காலை வைத்துப் பார்க்கட்டும், செருப்பைக் கழற்றிவிட்டு வைக்கட்டும், வெறும் காலுக்குத்தான் தெரியும். கயிற்றை இழுத்து மோட்டரைத் தூக்கிப் பார்க்கட்டும். நீ பக்கத்தில் நின்று இது இப்படி, அது அப்படி என்று சொல்லிக்கொடுக்காதே. பிறகு அவளிடம் கேள். பெரியதையே வாங்குங்க, நான் வீட்டில் இருக்கிறேன் என்று அவள் சொன்னால், பெரியதையே வாங்கு. நான் அதைப் பற்றி இனி வாய் திறக்கமாட்டேன், இது சத்தியம். ஆனால் அவள் முதலில் "உங்க இஷ்டம்" என்றுதான் சொல்வாள். அதைக் கேட்டவுடன் சரி என்று தலையாட்டிவிடாதே. கொஞ்சம் நின்று, இன்னொரு தரம் கேள். அவளுக்குப் பேச நேரம் எடுக்கும். உன் அப்பாவும் நானும் அப்படித்தான் இருந்தோம். வா என்று அவர் ஒரு தரம் கேட்டிருந்தால் போயிருப்பேன், வரட்டுமா என்று நான் ஒரு தரம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருக்க மாட்டார். கேட்க நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு அவர் இருபத்தாறு வருஷம் என்னோடு இருந்தார்.

அம்மா